பலகைக்குக் கீழே ஒன்றரை நாள்

நேசம் குறையாத, கோபமும் குறையாத என் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் உயிரோடு இருந்த கடைசிப் பதினாலு மாதம் உங்களுக்கு நான் சலாம் சொல்லவில்லை. இப்போது சொல்லிக்கொள்கிறேன். பதில் வராது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு வாய் வந்திருக்கிறது.

நீங்கள் மவுத்தாகி ஏழு மாதம் ஆகிறது. உம்மா உங்களுக்காக வீட்டுக்குள்ளேயே இருந்த இத்தாவை முடித்து வெளியே வந்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை கொல்லை ஷெட்டின் சாவியை என் கையில் கொடுத்து, "திற புள்ள" என்றார். திறந்தோம். அங்கே என்ன நடந்தது என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும். தனியாக அல்ல, நாலு பேர் கேட்கும்படி சொல்ல வேண்டும். ஏனென்றால் துக்கம் கேட்க வந்த நாலு பேரும் என்னிடம் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். "உங்க வாப்பா மனசு கொழந்த மனசும்மா. என்ன அழகா ரயில் செஞ்சு வெச்சிருந்தாரு! அந்த மாதிரி மனுஷன் வீட்டுல இருக்கக் குடுத்து வெச்சிருக்கணும்."

கொடுத்து வைத்தவர்கள் நானும் உம்மாவும்தானே வாப்பா? எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஷார்ஜாவில் ஒரு கம்பெனி கிடங்கில் நீங்கள் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தீர்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவீர்கள். அத்தர் வாசனையோடு பெட்டிகள் திறக்கும். உம்மாவுக்குச் சேலை, எனக்குப் பென்சில் டப்பா, எல்லாருக்கும் பாதாம். கடைசியாக, துண்டில் சுற்றிய அட்டைப்பெட்டி ஒன்று வரும். அதில் ஒரு ரயில் என்ஜினோ இரண்டு பெட்டிகளோ இருக்கும். விரல் நீளந்தான். ஆனால் ஜன்னல் கம்பி வரைக்கும் இருக்கும். நீங்கள் அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். அப்போது உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காக நான் பக்கத்தில் வந்து நிற்பேன். "தொட்டுடாத" என்பீர்கள். பெட்டி பீரோவின் மேல் தட்டுக்குள் ஏறிவிடும்.

எனக்கு ஒன்பது வயசில் ஒரு நாள், நீங்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தபோது, நாற்காலி போட்டு ஏறி ஒரு நீல ரயில்பெட்டியை எடுத்துக் கூடத்துத் தரையில் ஓட்டினேன். சக்கரம் ஒன்று கழன்று உருண்டது. நீங்கள் வந்து பார்த்தீர்கள். அடிக்கவில்லை, திட்டவுமில்லை. அடித்திருக்கலாம் வாப்பா. உங்கள் லீவில் அப்போது பதினோரு நாள் மிச்சம் இருந்தது. அந்தப் பதினோரு நாளும் என்னோடு நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. கார் வந்து வாசலில் நின்றது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் உம்மாவைப் பார்த்து, "பீரோவைத் தொறந்து போட்டுடாத, உப்புக் காத்துல எல்லாம் துரு ஏறிடும்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனீர்கள். அடுத்த லீவில் எனக்குப் பதினோரு வயசு.

உங்களுக்கு ஏன் அந்த ரயில்மேல் அவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள். இருபது வயசில் காரைக்கால் ஸ்டேஷனில் ஏறிப் பேரளம் போய், அங்கிருந்து மெட்ராஸ், அப்புறம் பம்பாய், அப்புறம் விமானம். முதல் லீவில் திரும்பி வந்தபோது பேரளம் போகிற ரயிலையே நிறுத்திவிட்டிருந்தார்கள். அதற்கடுத்த லீவில் தண்டவாளமும் இல்லை. "ஒரே ரூம்ல பன்னெண்டு பேரு படுத்திருப்போம். தூக்கம் வராது. கண்ணை மூடிக்கிட்டு காரைக்கால்லேர்ந்து கெளம்புவேன். திருநள்ளாறு, அம்பகரத்தூருன்னு ஒவ்வொரு ஸ்டேஷனா போவேன். பேரளம் வர்றதுக்குள்ள தூங்கிடுவேன்" என்றீர்கள். கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. இப்போது யோசித்தால் வேறொன்று தோன்றுகிறது. முப்பத்தைந்து வருஷம் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாதையில் போனீர்களே, எந்த ஸ்டேஷனிலாவது நாங்கள் நின்றுகொண்டிருந்தோமா?

ஒரேயடியாகத் திரும்பி வந்தீர்கள். உம்மா உங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. காரைக்காலை அடுத்து நாங்கள் இருக்கும் தருமபுரத்து வீடு உம்மாவுக்கு நிக்காஹ்வின்போது அவருடைய வாப்பா கொடுத்தது. பிறகு தெருவை மூன்று தரம் உயர்த்திப் போட்டுவிட்டார்கள், வீடு பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஒவ்வொரு கார்த்திகை மழைக்கும் அடுப்படிக்குள் தண்ணீர் வரும். உம்மாவுக்கு மூச்சிரைப்பு. ஈரத் தரையில் நின்று சமைத்தால் இரண்டு நாள் படுக்கையில் விழுவார். "தரையை மட்டும் ஒரு ரெண்டடி ஏத்திக் குடுத்துடுங்க" என்று கேட்டார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள்.

அடுத்த மாதம் செங்கல் வந்து இறங்கியது. வீட்டுக்கு அல்ல, கொல்லைக்கு. உம்மா வைத்த முருங்கையையும் மருதாணியையும் வெட்டிச் சாய்த்துவிட்டு ஷெட்டுக்குக் கடைக்கால் தோண்டினார்கள்.

வேலையை எடுத்துச் செய்தது இரண்டு வீடு தள்ளி இருக்கும் செல்வராசு மேஸ்திரி. கொத்து வேலை, தச்சு வேலை இரண்டும் தெரிந்தவர். அவர் கேட்டார், நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். "பாய், ஷெட்டை மூணடி தூக்கிக் கட்டுறோம், நல்லதுதான். அதே ஆளு, அதே சாமான். வீட்டுத் தரையையும் கையோட ஏத்திடலாங்களே?"

"அது அடுத்த வருஷம் பாத்துக்கலாம் மேஸ்திரி. மொதல்ல இது."

உம்மா பின்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மேஸ்திரிக்கு டீ ஆற்ற உள்ளே போய்விட்டார்.

அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை வாப்பா.

ஷெட்டு பதினெட்டடிக்குப் பன்னிரண்டடி. உப்புக் காற்று புகாமல் ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. சூடு தெரியாமல் இருக்கத் தகரக் கூரைக்கு அடியில் தெர்மோகோல். கரண்ட் போனால் ரயில் நிற்கக் கூடாது என்று தனி இன்வெர்ட்டர். வீட்டில் கரண்ட் போனால் நாங்கள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்போம், கொல்லையில் உங்கள் ஜன்னல் மட்டும் வெளிச்சமாக இருக்கும். உள்ளே இடுப்பு உயரத்துக்குச் சுவரைச் சுற்றியும் நடுவிலுமாகப் பலகை, அதன்மேல் காரைக்காலிலிருந்து பேரளம் வரை உங்கள் ரயில்பாதை. ஒரு ஆள் ஒருக்களித்து நடக்க மட்டும் சந்து.

அழகாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. மரத்தூளுக்குச் சாயம் போட்டு நட்ட வயல், கண்ணாடி மாதிரி வாய்க்கால், திருநள்ளாற்றுக் கோபுரம், காரைக்கால் பெரிய பள்ளிவாசல் மினாரா, ரயில்வே கேட்டுக்கு வெளியே சைக்கிளோடு காத்து நிற்கும் ஆள், கூடையோடு மீன்காரி. பழைய படங்களைத் தேடித் தேடி ஸ்டேஷன் ஓட்டின் நிறம் வரைக்கும் சரியாகக் கொண்டுவந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் யாராவது பார்க்க வருவார்கள். நீங்கள் ஸ்விட்சைப் போட்டு, என்ஜின் நகர்ந்ததும், அவர்கள் முகத்தையே பார்ப்பீர்கள்.

டீ மட்டும் உம்மாவுடையது. தட்டோடு வாசற்படி வரைக்கும் வருவார். அதற்கு மேல் வரக் கூடாது. "உன் சேலையில நூலும் தூசியுமா வரும். சக்கரத்துல சுத்திக்கும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டீர்கள். வந்தவர்கள் செருப்பை மட்டும் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். உம்மா வெளியே நின்று தட்டை நீட்டினார். மூன்று வருஷம்.

பேரளம் பாதையில் மறுபடி தண்டவாளம் போட ஆரம்பித்தபோது உம்மா ஆசையாகச் சொன்னார், "ஒரு நாள் ஆட்டோவுல போயி பாத்துட்டு வருவோமா?" என்று. "அது வேற ரயிலு" என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டீர்கள்.

சரி, அந்த மழைக்கு வருகிறேன். நான் டீச்சராக இருக்கும் நாகப்பட்டினத்திலிருந்து பள்ளிக்கூட லீவில் வந்திருந்தேன். மூன்று நாளாக விடாத மழை. நாலாம் நாள் காலையில் பின்வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. பத்து மணிக்கு முழங்கால் அளவு. கட்டில் சட்டம் நனைந்தது. தெருவிலும் வெள்ளம் இழுத்துக்கொண்டு ஓடியது. மாடி வீடு தெருமுனையில்தான், அதுவரை உம்மாவால் நடக்க முடியாது. மூச்சு விசில் மாதிரி கேட்க ஆரம்பித்துவிட்டது. எட்டிப் போகிற தூரத்தில் காய்ந்த இடம் ஒன்றுதான், அது உங்கள் ஷெட்டு.

நான் உம்மாவைத் தாங்கிக்கொண்டு வந்து நின்றேன். நீங்கள் திறந்தீர்கள். திறக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். உம்மாவின் சேலையைப் பிழிந்துவிடச் சொன்னீர்கள், பிறகு உள்ளே விட்டீர்கள்.

சந்தில் நிற்கத்தான் இடம். உம்மா என் தோளில் சாய்ந்து மூச்சுக்குத் திணறினார். நான்தான் கேட்டேன், "வாப்பா, நடுவுல இருக்கிற பலகை ஒண்ணை மட்டும் எடுத்துடுங்க. உம்மா படுக்கட்டும்."

"எடுக்க முடியாதும்மா. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்தது. அடியில ஒயரு ஓடுது. ஒண்ணை அசைச்சா மொத்தமும் போயிடும்."

"போகட்டும் வாப்பா!"

நீங்கள் தலையைத் திருப்பி இன்வெர்ட்டரைப் பார்த்தீர்கள். அதற்குள் உம்மா என் கையை விட்டுவிட்டுக் குனிந்தார். "விடு புள்ள, நான் கீழ படுத்துக்கறேன்" என்று சொல்லி, முட்டியும் கையும் ஊன்றித் தவழ்ந்து பலகைக்கு அடியில் போனார். ஐம்பத்தைந்து வயசுப் பெண்பிள்ளை. ஒயர்க் கொத்துகளுக்கு நடுவில் பக்கவாட்டில் படுத்தார். கொஞ்ச நேரம் கழித்து வலி தாங்காமல் புரண்டார். அப்போது நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்தபடி சொன்னீர்கள்.

"காலை நீட்டாத. ஒயரு இருக்கு."

தண்ணீர் வடிய ஒன்றரை நாள் ஆனது. ஒன்றரை நாளும் உம்மா காலை மடக்கிக்கொண்டேதான் படுத்திருந்தார். தலைக்கு மேலே உங்கள் ஊர் நனையாமல் இருந்தது. ஆட்டோ ஓட ஆரம்பித்ததும் உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். ஒரு வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். அன்றைக்கு வீட்டு வாசலில் உங்களைத் தாண்டிப் போனபோதுதான் சலாம் சொல்வதை நிறுத்தினேன். என்னோடு நாகப்பட்டினம் வந்துவிடச் சொல்லி உம்மாவிடம் கெஞ்சினேன். "அவங்களுக்கு யாரு டீ போட்டுக் குடுப்பா?" என்றார்.

அந்த டீயோடுதான் உங்கள் கடைசி நாளும் வந்தது. அஸர் தொழுதுவிட்டு உம்மா தட்டோடு வந்து படியில் நின்று கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. உள்ளே ரயில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. கவனமாக வேலை பார்க்கிறீர்கள் என்று நினைத்துக் காத்திருந்தார். மறுபடி கூப்பிட்டார். டீ ஆறியதும் வீட்டுக்குள் போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்து மறுபடி கூப்பிட்டார். கதவு சாத்தியிருக்கவில்லை வாப்பா. திறந்துதான் கிடந்தது. உம்மா படியைத் தாண்டவில்லை. கடைசியில் பயம் வந்து செல்வராசு மேஸ்திரியைக் கூப்பிட ஓடினார். அவர்தான் உள்ளே போய், நடுப் பலகைக்கு அந்தப் பக்கம் நீங்கள் விழுந்து கிடப்பதைப் பார்த்தார். அப்போது உங்களுக்கு மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. "ஒரு அரை மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்."

இத்தா இருந்த நாலு மாதம் பத்து நாளும் உம்மா என்னிடம் சொன்னது இதைத்தான். "நான் உள்ள போயிருக்கணும் புள்ள. கதவு தொறந்துதான் இருந்துச்சு. ஏன் நின்னேன்?" நான் என்ன சொல்வேன்? நீங்கள் அவ்வளவு நன்றாகப் பழக்கிவைத்திருந்தீர்கள் என்று சொல்லவா? அந்தக் கேள்வியை உங்கள் பக்கம் திருப்பிவிடலாம் என்றால் நீங்கள் இல்லை. வசதியாகப் போய்விட்டீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

மேஸ்திரியையும் வரச் சொல்லியிருந்தேன். எல்லாவற்றையும் உடைத்து அள்ளிப் போட வேண்டும் என்ற வெறியோடு கடப்பாரை எடுத்து வைத்திருந்தேன். உம்மா, அந்த மழைக்குப் பிறகு முதல் தடவையாக, படியைத் தாண்டி உள்ளே வந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் வந்தார், இன்னமும். சந்தில் மெல்ல நடந்து, காரைக்காலிலிருந்து பேரளம் வரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிதானமாகப் பார்க்க அவருக்கு அன்றைக்குத்தான் வாய்த்தது. பிறகு, "நம்ம வீடு எங்க புள்ள?" என்று கேட்டார்.

நான் தேடினேன். தருமபுரம் வர வேண்டிய இடத்தில் நாலு தென்னை மரமும் ஒரு குட்டையும் இருந்தன. மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "நானும் கேட்டேங்க ஒரு தடவை. வீட்டை வெச்சா லைன்லேர்ந்து ரொம்பத் தள்ளிப் போயிடுது, பலகை பத்தாதுன்னாரு பாயி."

உம்மா சிரித்தார் வாப்பா. நீங்கள் போனபிறகு முதல் தடவையாகச் சிரித்தார். எனக்கு அதைக் கேட்கவே பொறுக்கவில்லை. "சரி, உடைக்காத. அவங்க கையால செஞ்சது. எடுத்து ஓரமா வைங்க. எனக்கு இங்க ஒரு கட்டில் போடணும். அடுத்த மழைக்கு நான் இங்கதான்" என்று சொல்லிவிட்டு ளுஹர் தொழப் போனார்.

நான் நடுப் பலகையைக் காட்டி, "இதை எப்படிண்ணே அறுக்கிறது?" என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"அறுக்கிறதா? எதுக்கு?" என்றபடி அவர் குனிந்து அடியில் போனார். ஸ்பானர் திரும்பும் சத்தம் கேட்டது. நாலு போல்ட்டு. பிறகு சடக் சடக்கென்று இரண்டு பிளக்கைப் பிடுங்கினார். "அந்தப் பக்கம் புடிங்க" என்றார். பிடித்தேன். வயலும் வாய்க்காலும் கேட்டில் நின்ற சைக்கிள்காரனுமாக அந்தப் பலகை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தது. ஒரு மரம்கூடச் சாயவில்லை. பத்து நிமிஷம் ஆகியிருக்காது.

"எல்லாமே இப்படித்தாங்க. பதினோரு துண்டு. கழட்டி மாட்டுற மாதிரிதான் செய்யணும்னு பாயிதான் அளவு போட்டுக் குடுத்தாரு. ஒயருக்கெல்லாம் அவரே பிளக்கு வெச்சாரு." மேஸ்திரி என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"அண்ணே, இதை உம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றேன். சொல்லி முடிக்கும்போது உம்மா படியில் நின்றுகொண்டிருந்தார். தொழுகைத் துப்பட்டியைக்கூட எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும் புள்ள" என்றார். "ஒண்ணரை நாள் மல்லாந்தும் சாஞ்சும் அதைத்தானே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். போல்ட்டு தெரியாதா? பிளக்கு தெரியாதா?"

"தெரிஞ்சுமா? ஏம்மா ஒரு வார்த்தை சொல்லலை?"

கோபம் இல்லை உம்மாவின் முகத்தில். "முடியாதுன்னு அவங்க சொன்னாங்க. முடியாதுன்னே வெச்சுக்கிட்டா அதோட போச்சு. முடியும், கழட்டுங்கன்னு நான் கேட்டு, மாட்டேன்னு அவங்க வாயால சொல்லிட்டா, அதுக்கப்புறம் நான் எப்படி அவங்களுக்கு டீ கொண்டு போய்க் குடுப்பேன்?"

மேஸ்திரி ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வாப்பா, நான் உங்களைக் கேட்கிறேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நீங்களும் பலகைக்குக் கீழே கிடந்த உம்மாவும் அந்த ஒன்றரை நாளும் ஒரே உண்மையைத் தெரிந்துகொண்டே இருந்தீர்கள். அவர் உங்கள் மானத்தைக் காப்பாற்றினார். நீங்கள் எதைக் காப்பாற்றினீர்கள்?

பதினோரு துண்டும் மேஸ்திரி வீட்டுப் பரணில் இருக்கின்றன. ஷெட்டில் கட்டில் போட்டாயிற்று. பேரளம் பாதையில் சோதனைக்கு என்ஜின் ஓட்டிப் பார்த்தார்கள். உம்மாவும் நானும் ஆட்டோவில் போய் நின்று பார்த்தோம். கூட்டத்தில் நின்ற ஒருவர், "பாய் இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரு!" என்று உம்மாவிடம் சொன்னார். உம்மா, "ஆமா" என்றார்.

உங்களை அடக்கிய கபுருக்கு நான் இன்னும் வரவில்லை. உங்களுக்காக ஒரு துஆவும் கேட்கவில்லை. பெற்ற பிள்ளை கேட்கும் துஆ எப்படிப் போய்ச் சேரும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அதனால்தான் பொய்யாகக் கேட்க மனசு வரவில்லை. ஆனால் உம்மா ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் உங்களுக்காகக் கை ஏந்துகிறார். நீளமாகக் கேட்கிறார், அழுது கேட்கிறார். இவ்வளவு நாளும் அந்த நேரத்தில் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். இனி எழுந்து போக மாட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். உம்மா கேட்டு முடித்ததும் ஆமீன் சொல்வேன். இப்போதைக்கு என்னால் வாக்குக் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான் வாப்பா.

உங்கள் ஒரே மகள்,
நசீமா